மஞ்சள் மாறாத சிசுவும் மலத்தின் நிறமும்



இந்த இதழின் பாடப் பகுதியில், பிறவியிலேயே வரும் ஓர் அபூர்வ வியாதியைப் பற்றிப் படிக்கப்போகிறோம். குழந்தையின் மலத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் இந்த வியாதியில், அந்த நிறத்தை ஒருவர் ஏற்ற காலத்தில் கவனித்தாரா என்பதைப் பொறுத்தே பல வேளைகளில் பிள்ளையின் உயிர் தங்குகிறது. ஆகையால் கூச்சத்தை விட்டுவிட்டு வாசியுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இளம் தம்பதியர் கூடுகையிலும் இதைச் சத்தமாக வாசித்துக் கலந்து பேசலாம்.

நான் மருத்துவன் அல்ல. வார்டுகளில் நடமாடும் போதகன். மருத்துவர்களிடமும் நர்சுகளிடமும் கேட்டுக் கற்றதையே எளிய தமிழில் சொல்ல முயல்கிறேன்.

1. வெளியே தெரிவதும் உள்ளே மறைந்திருப்பதும்

பிறவிக் குறைகளில் சில, பிள்ளை பிறந்த நிமிஷமே கண்ணில் படும். உதடு பிளந்திருந்தாலும், பாதம் வளைந்திருந்தாலும், முதுகில் கட்டி இருந்தாலும் பிரசவம் பார்த்தவர் உடனே அறிந்துகொள்வார். வேறு சில குறைகளோ சரீரத்துக்குள் மறைந்திருக்கும். இருதயத்தில் துவாரம், குடலில் அடைப்பு போன்றவை அப்படிப்பட்டவை. அவற்றில் ஒன்றே பித்தநாள அடைப்பு. மருத்துவர்கள் இதை 'பிலியரி அட்ரீசியா' என்பார்கள்.

இது அபூர்வமானது. ஐரோப்பிய நாடுகளில் சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. தைவான் போன்ற கீழ்த்திசை நாடுகளில் இதைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அபூர்வமாக இருப்பதே இதிலுள்ள ஆபத்து. ஒரு கிராம நர்ஸ் தன் வேலைக்காலம் முழுவதிலும் இப்படி ஒரு பிள்ளையைக் காணாமலே ஓய்வு பெறலாம். காணாத ஒன்றை எப்படிச் சந்தேகிப்பது? ஆகவே முன்னதாகவே அறிந்து வைத்திருப்பது அவசியம்.

2. பித்தநீர் செல்லும் வழி

நமது ஈரல் இடைவிடாமல் பித்தநீரைச் சுரக்கிறது. அது சிறிய குழாய்கள் வழியாக வந்து, பித்தநாளத்தில் சேர்ந்து, குடலுக்குள் இறங்குகிறது. உண்ட கொழுப்பைச் செரிக்கச் செய்வது அதுவே. மலத்துக்கு மஞ்சள், பச்சை, பழுப்பு நிறங்களைக் கொடுப்பதும் அதுவே. பழைய இரத்த அணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை உடலிலிருந்து வெளியேற்றும் வழியும் இதுதான்.

இந்த வியாதியில், ஈரலுக்கு வெளியே உள்ள பித்தநாளம் பிறப்பை ஒட்டிய நாட்களில் அழற்சி கண்டு, தழும்பேறி, மூடிப்போகிறது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வயலிலேயே தேங்கிப் பயிர் அழுகுவதுபோல, பித்தநீர் ஈரலிலேயே தேங்குகிறது. ஈரல் நாளுக்கு நாள் இறுகிக் கெட்டியாகிறது. சிகிச்சை செய்யாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

3. இரண்டு வகையான மஞ்சள்

இங்கே ஒரு குழப்பம் வருகிறது. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைகளிலேயே 100க்கு 60 பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் காணும். குறைமாதக் குழந்தைகளில் 100க்கு 80 பேருக்குக் காணும். ஈரல் இன்னும் முழுப்பக்குவம் அடையாததே காரணம். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் தோன்றி, இரண்டு வாரத்துக்குள் தானாக மறைந்துவிடும். அளவு மிஞ்சினால் நீல விளக்கின் கீழ்ப் படுக்கவைப்பார்கள்.

அந்த விளக்கு சிகிச்சைக்கே ஓர் அழகான வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ராச்போர்ட் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் வார்டைக் கவனித்து வந்தவர் சிஸ்டர் ஜீன் வார்ட். நல்ல வெயில் உள்ள நாட்களில் சிசுக்களை முற்றத்துக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். ஒரு குழந்தையின் உடலில், துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும், வெளிச்சம் பட்ட இடம் வெளுத்தும் இருப்பதை அவர் கண்டு மருத்துவர்களுக்குக் காட்டினார். அங்கிருந்த டாக்டர் க்ரீமரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து, 1958இல் அதை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் கவனமான கண்ணிலிருந்து உலகமெங்கும் ஒரு சிகிச்சை பரவிற்று.

ஆனால் வெளிச்சத்தால் மாறுவது முதல் வகை மஞ்சள் மட்டுமே. பித்தநாளம் அடைபட்டதால் வரும் மஞ்சளை வெயிலோ விளக்கோ குணமாக்காது. "காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும்" என்று மூன்றாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் சொல்லிக்கொண்டிருப்பது விலையேறப்பெற்ற நாட்களை இழப்பதாகும்.

4. மூன்று அடையாளங்கள்

முதலாவது, மஞ்சள் மாறாதிருத்தல். கண்ணின் வெள்ளையில் பாருங்கள். பிறந்து 14 நாட்களுக்குப் பிறகும், குறைமாதப் பிள்ளையானால் 21 நாட்களுக்குப் பிறகும் மஞ்சள் இருந்தால் இரத்தப் பரிசோதனை தேவை. தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைகளிலும் சிலருக்கு மஞ்சள் சில வாரங்கள் நீடிப்பது உண்மையே. ஆனால் அது தாய்ப்பாலால் வந்த மஞ்சள்தானா என்பதைப் பரிசோதனை சொல்லவேண்டும். அண்டை வீட்டார் சொல்லக்கூடாது.

இரண்டாவது, வெளுத்த மலம். முதல் சில நாட்களில் போகும் கருமலம் கழிந்த பின், சிசுவின் மலம் அரைத்த மஞ்சள் போலவோ, பச்சையாகவோ, பழுப்பாகவோ இருப்பதே இயல்பு. சுண்ணாம்பு போலவும், களிமண் போலவும், மிகவும் வெளிறிய மஞ்சளாகவும் இருந்தால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். சில பிள்ளைகளுக்கு முதலில் நல்ல நிறத்தில் போய், பிறகு சிறிது சிறிதாக வெளுக்கும். ஆகவே ஒரு நாள் பார்த்தால் போதாது. குழல் விளக்கின் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, அடர்ந்த மஞ்சள் சிறுநீர். பால் மட்டும் குடிக்கும் சிசுவின் சிறுநீர் ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும். துணியில் மஞ்சள் கறை பிடிக்குமானால், குடலுக்குப் போகவேண்டியது சிறுநீர் வழியாகப் போகிறது என்று சந்தேகிக்கவேண்டும்.

5. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது?

இந்த வியாதியின் வஞ்சகம் இதுதான். முதல் வாரங்களில் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், சிரிக்கும். நோயாளி என்று யாருக்கும் தோன்றாது. நம் வழக்கப்படி தாயும் சேயும் தாய்வீட்டில் இருப்பார்கள். மஞ்சளைக் கண்டதும் ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்வார். ஒருவர் மந்திரிக்க அழைத்துப் போவார். இன்னொருவர் வேர் கட்டுவார். தாய்க்குப் பத்தியம் கடுமையாகும். இப்படியே இரண்டு மாதம் கழிந்துவிடும். இவர்கள் எல்லாரும் அன்பினாலேயே செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூடிப்போன குழாயை எந்த வேரும் திறக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பித்தநீர் இல்லாவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது. அது குறைந்தால் இரத்தம் உறையாது. தொப்புளிலோ மூக்கிலோ இரத்தம் கசியலாம், மூளைக்குள்ளும் கசியலாம். சில பிள்ளைகளில் இந்த இரத்தக்கசிவே வியாதியை முதன்முதலில் வெளிப்படுத்துகிறது. ஆகவே மஞ்சள் மாறாத சிசுவுக்குக் காரணமில்லாமல் இரத்தம் கசிந்தால், அதே மணிநேரத்தில் மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

6. மருத்துவர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள்?

முதலில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை. மொத்தப் பிலிருபினை மட்டும் பார்த்தால் போதாது. 'டைரக்ட் பிலிருபின்' எவ்வளவு என்று தனியாகப் பார்க்கவேண்டும். அது 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் இயல்பான மஞ்சள் அல்ல. பரிசோதனைச் சீட்டில் இந்த வரி இருக்கிறதா என்று பெற்றோரே கேட்கலாம்.

அடுத்தது ஸ்கேன். சிசுவைச் சில மணிநேரம் பால் கொடுக்காமல் வைத்திருந்து எடுப்பார்கள். பித்தப்பை மிகச் சிறிதாகவோ, காணப்படாமலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். தேவையானால் ஊசியால் ஈரலில் ஒரு துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கிருமித் தொற்று, ஈரல் அழற்சி, பாலின் சர்க்கரையை ஏற்காத பிறவிக் கோளாறு ஆகியவையும் இதே மஞ்சளைத் தரலாம். அவற்றுக்கு வேறு சிகிச்சை உண்டு. ஆகையால் பரிசோதனைகள் பலவாக இருப்பதைக் கண்டு பெற்றோர் சலிப்படையக்கூடாது.

முடிவான விடை ஆபரேஷன் மேசையில்தான் கிடைக்கும். வயிற்றைத் திறந்து, பித்தப்பைக்குள் மருந்துச் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் ஒருபுறம் ஈரலுக்கும் மறுபுறம் குடலுக்கும் ஓடினால் வழி திறந்திருக்கிறது. அத்துடன் ஆபரேஷனை முடித்துவிடுவார்கள். ஓடாவிட்டால் அந்த வேளையிலேயே சிகிச்சையைத் தொடர்வார்கள்.

7. டாக்டர் காசாய் கண்ட வழி

ஒரு காலத்தில், இவ்வகைப் பிள்ளைகளில் பெரும்பாலோரைத் திருத்த முடியாதவர்கள் என்று மருத்துவ உலகம் ஒதுக்கி வைத்திருந்தது. வயிற்றைத் திறந்து பார்த்து, இணைப்பதற்குக் குழாயே இல்லை என்று கண்டு, மறுபடியும் தைத்துவிடுவார்கள். ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டாக்டர் மொரியோ காசாய், 1955இல் வேறொரு வழியைத் தொடங்கினார்.

தழும்பேறிய குழாயை அவர் ஈரலின் அடிவாசல் வரைக்கும் முழுவதுமாக வெட்டி எடுத்தார். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இன்னும் திறந்திருக்கக்கூடும். குடலை நேரடியாக அந்த இடத்தோடு சேர்த்துத் தைத்தால், அவற்றின் வழியே பித்தநீர் குடலுக்குள் கசியும். இன்று சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து இணைக்கிறார்கள். குழாயை உண்டாக்க முடியாதபோது, குடலையே ஈரலின் வாசலுக்குக் கொண்டுபோன யோசனை இது. 1959இல் ஜப்பானிய மொழியில் இதை வெளியிட்டார். 1968இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்பே மற்ற நாடுகளிலும் நன்கு அறியப்பட்டது. இன்றும் இந்த ஆபரேஷன் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இது வெற்றி பெறுவதற்கு அந்த நுண்குழாய்கள் உயிரோடிருக்கவேண்டும், ஈரல் இறுகியிருக்கக்கூடாது. ஆகவே 60 நாட்களுக்குள் செய்வதே நல்லது. இன்னும் முந்தினால் இன்னும் நல்லது. 90 நாட்களைக் கடந்தால் பலன் வெகுவாகக் குறைகிறது. "பால் குடிக்கிற பிள்ளை, கொஞ்சம் வளரட்டும், பிறகு கத்தி வைக்கலாம்" என்று பெரியோர் சொல்வதை வார்டில் கேட்டிருக்கிறேன். பிளந்த உதட்டுக்கு மூன்று மாதம்வரை காத்திருப்பது சரியே; அங்கே காத்திருப்பதால் பிள்ளை பலப்படுகிறது. இங்கே காத்திருக்கக் காத்திருக்க ஈரல் கெடுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

8. தைவான் தாய்மாரின் அட்டை

நாட்கள் இவ்வளவு முக்கியமானால், பிள்ளையை ஏற்ற காலத்தில் கண்டுபிடிப்பது எப்படி? தைவான் நாட்டார் இதற்கு விலைகுறைந்த ஒரு வழியைக் கைக்கொண்டார்கள். சிசுவின் மல நிறங்களை, இயல்பானவை இவை, இயல்பற்றவை இவை என்று வண்ணப் படங்களாக அச்சிட்டு, ஒவ்வொரு தாய்க்கும் கொடுக்கும் குழந்தை நலப் புத்தகத்தில் சேர்த்தார்கள். 2002இல் சோதனையாகத் தொடங்கி, 2004இல் நாடு முழுவதும் விரிவாக்கினார்கள். தாய் பிள்ளையின் துணியைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். ஒரு மாதத்தில் பரிசோதனைக்கு வரும்போது அதைக் குறித்துக் கேட்கிறார்கள்.

பலன் வியக்கத்தக்கது. ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதத்தில் மஞ்சள் நீங்கிய பிள்ளைகள், அட்டை வருமுன் 100க்கு சுமார் 35 பேர். வந்த பின் சுமார் 61 பேர். ஐந்து வருஷம் உயிரோடிருந்தவர்கள் 100க்கு சுமார் 56 பேராக இருந்து, சுமார் 89 பேராக உயர்ந்தார்கள். ஈரல் மாற்று சிகிச்சை பெற்றவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனாலும், நாட்டின் எல்லாத் தாய்மாருக்கும் ஒரு வண்ண அட்டையைக் கொடுத்தது இதில் பெரும்பங்கு வகித்தது. ஜப்பானும் 2012இல் தன் தாய்சேய் கையேட்டில் இப்படிப்பட்ட அட்டையைச் சேர்த்தது.

9. ஆபரேஷன் பலிக்காவிட்டால்?

உண்மையை மறைக்கக்கூடாது. ஏற்ற காலத்தில் செய்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பித்தநீர் ஓடிவிடுவதில்லை. ஓடினாலும் சிலருக்குப் பின்னாளில் ஈரல் பழுதடைகிறது. அப்பொழுது ஈரல் மாற்று சிகிச்சையே வழி. 1963 மார்ச் 1ஆம் தேதி, அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் மனிதருக்குச் செய்த முதல் ஈரல் மாற்று ஆபரேஷன், இதே வியாதியுள்ள மூன்று வயதுப் பையனுக்கே செய்யப்பட்டது. அந்தப் பிள்ளை மேசையிலேயே மரித்தான். அந்தத் துக்கத்தோடு நின்றுவிடாமல் பலர் பல வருஷம் பிரயாசப்பட்டார்கள்.

1998இல் டில்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயது நிறையாத ஒரு பையனுக்குத் தகப்பனாரின் ஈரலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். அவனுக்கும் இதே பித்தநாள அடைப்புதான். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று சிகிச்சை அதுவே. அந்தப் பிள்ளை வளர்ந்து, தானே ஒரு மருத்துவரானார்.

காசாய் ஆபரேஷன் முழுப்பலன் தராவிட்டாலும் அது வீணல்ல. மாற்று சிகிச்சையைத் தாங்கும் அளவுக்குப் பிள்ளை வளர அது காலம் வாங்கித் தருகிறது. ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, மலம் மறுபடியும் வெளுத்தாலோ, கைமருந்து பார்க்காமல் உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதைப் பெற்றோர் மறக்கக்கூடாது.

10. "யார் செய்த குற்றம், ஐயா?"

இந்தக் கேள்விக்காகவே என்னைப் படுக்கையருகே அழைக்கிறார்கள். கர்ப்பகாலத்தில் ஆகாததைத் தின்றாள் என்று மாமியார் சொல்வார். கிரகணத்தன்று வெளியே போனாள் என்று இன்னொருவர் சொல்வார். இளம் தாய் பதில் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். இவனுடைய பாவமும் அல்ல, பெற்றோருடைய பாவமும் அல்ல என்றே ஆண்டவர் பதில் கொடுத்தார். மருத்துவமும் அதையே சொல்கிறது. தாய் உண்டதாலோ செய்ததாலோ இது வந்ததென்பதற்கு ஆதாரமில்லை. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதுமில்லை. அடுத்த பிள்ளைக்கு வருவது மிக மிக அபூர்வம். வைரஸ் தொற்றும், அதற்கு எதிராக உடல் காட்டும் அழற்சியும் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

குற்றம் சாட்டுவதால் ஒரு நடைமுறைத் தீமையும் உண்டு. தன்மேல் பழி விழும் என்று பயப்படும் தாய், கண்டதைச் சொல்லமாட்டாள். வெளுத்த துணியை ஓசைப்படாமல் அலசிப் போட்டுவிடுவாள். பழி சொல்லாத வீட்டில்தான் அவள் துணிந்து, "அம்மா, இதைப் பாருங்களேன்" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வி பிள்ளையைக் காக்கும்.

11. நாம் செய்யக்கூடியவை

அன்பானவர்களே, உங்கள் காணிக்கைகள் பல பிள்ளைகளின் சிகிச்சைக்கு உதவுகின்றன. ஆனால் இந்தப் பாடத்தில் நான் கேட்பது பணமல்ல. உங்கள் தெருவில், உங்கள் சபையில், உங்கள் உறவில் ஒரு பிள்ளை பிறந்தால், பார்க்கப் போகும்போது இந்த நான்கு காரியங்களைச் சொல்லுங்கள்.

அ. முதல் இரண்டு மாதமும் பிள்ளையின் மலத்தைத் தினமும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஆ. 14 நாட்களுக்குப் பின்னும் கண் மஞ்சளாக இருந்தால், டைரக்ட் பிலிருபின் பரிசோதனை செய்யக் கேளுங்கள்.

இ. மலம் வெளுத்திருந்தால், 6 வாரத் தடுப்பூசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் துணியையே மடித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வாயால் சொல்வதைவிடக் கண்ணால் கண்டால் அவர் உடனே அறிந்துகொள்வார்.

ஈ. குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னால், செலவுக்குப் பயந்து நாள் கடத்தாதீர்கள். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இப்பிரிவுகள் உண்டு. அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று அங்கேயே விசாரியுங்கள்.

கலந்து பேச:

1. நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால் முதலில் யாரிடம் போகிறார்கள்? அவருக்கு இந்த அடையாளங்கள் தெரியுமா?

2. பிள்ளையின் துணியைத் துவைப்பவர் யார்? அவரிடம் இந்தச் செய்தியை யார் சொல்வது?

3. குறையோடு பிறந்த பிள்ளையின் தாயைக் குறித்து நம் வீடுகளில் என்ன பேசப்படுகிறது? அந்தப் பேச்சை நாம் எப்படி நிறுத்தலாம்?

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்